எதிர்மலை திருப்பித் தந்த குரல்

போன வருஷம் மாசி மாதம், ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது. நான் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் கீழே, கலசப்பாக்கம் பக்கம். மலைக்கு வேலைக்கு வந்து அப்போது இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையிலிருந்து சில இளைஞர்கள் சேர்ந்து மலையில் ஒரு இசை நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள், முதலுதவிக்கு ஒரு ஆள் வேண்டுமாம் என்று சொல்லி டாக்டர் என்னை அனுப்பிவைத்தார். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சினிமாப் பாட்டும், ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது கோயில் மைக்கில் போடுகிற அம்மன் பாட்டும்தான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சாமை அறுத்து முடித்த ஒரு நிலத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு லாரியின் பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னால் ஜெனரேட்டர். பக்கத்தில் நட்சத்திரம் பார்க்கிற ஆய்வுக்கூடம் இருப்பதால் எங்கள் பக்கம் இருட்டிய பிறகு பெரிய விளக்கு போடுவதில்லை. அதனால் மூன்று மணிக்கு ஆரம்பித்து வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவதாகத் திட்டம். வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கறுப்பு டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் பைக்கிலும் காரிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்ப்பதற்காகவே வரப்புகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நிலம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணுடையது. அவளும் அவள் கணவனும் மட்டும் இருக்கும் வீடு, நிலத்தின் மேல் கோடியில். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம். எங்கள் பொறுப்பில் இருந்த கர்ப்பிணிகளில் எனக்கு மிகவும் கவலை கொடுத்தவள் அவள்தான். நோய் நொடி எதுவும் கிடையாது. வாயைத் திறக்க மாட்டாள், அதுதான் பிரச்சினை. ஒருமுறை காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, பாதம் வீங்கி வந்து நின்றாள். அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டேன். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள்.

அவளுடைய முதல் பிரசவம் நான் இங்கே வருவதற்கு முன்பு நடந்தது. வலி வந்தது யாருக்குமே தெரியவில்லை. காலையில் சோறாக்கி, களை எடுக்கப் போய், மாலை வரை வேலை செய்துவிட்டு, தாங்க முடியாமல் சுருண்டு விழுந்த பிறகுதான் கணவனுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. ஒவ்வொரு தடவை பரிசோதனைக்கு வரும்போதும் நான் அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லுவேன், "வலின்னா உடனே யாரையாவது கூப்பிடு, கத்து, ஊரே ஓடிவரட்டும்" என்று. தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் போனதும் அவளைத்தான் தேடினேன். ஸ்பீக்கருக்கு நேராகப் போய் நின்றுவிடப் போகிறாளே என்று பயம். அவள் வீட்டுப் பக்கத்து மேல்வரப்பில், மேடையிலிருந்து நல்ல தொலைவில், என் நாற்காலியையும் மருந்துப் பெட்டியையும் போட்டுக்கொண்டு, அவளையும் என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன்.

கடைசியாகப் பாடவிருந்த குழு மேடையில் வயர்களைப் பூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு. முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், அவளுக்குப் பெரிதான ஒரு கட்டம் போட்ட சட்டை. கிட்டார் கம்பி முறுக்கும்போது அறுந்து, இரண்டு விரல்களை ஆழமாகக் கிழித்துவிட்டிருந்தது. ரத்தம் சட்டைக் கையெல்லாம் சொட்டியிருந்தது.

கழுவிக் கட்டுப்போடும்போது ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவே இல்லை. காதைக் கிட்டே கொண்டுபோன பிறகும் காற்றுத்தான் வந்தது. தொண்டை கட்டிக்கொண்டதா, மாத்திரை தரட்டுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"இல்லக்கா. என் குரலே இப்படித்தான். எல்லாரும் கேப்பாங்க."

"நீ என்ன வாசிக்கிற?"

"கிட்டார். பாடறதும் நான்தான்."

இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன பாடப்போகிறாள் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. இந்த விரலோடு கிட்டார் தொடக்கூடாது, தையல் போட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொன்னேன். அவள் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. வலியால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கிட்டார் இல்லாம நான் மேடையில நின்னதே இல்லக்கா" என்றாள். "அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்குவேன். கைய எங்க வெக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

அவளுடைய குழுவில் மற்ற மூன்று பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்னொரு கிட்டார் வாசிப்பவன், தடித்த கம்பிகள் உள்ள கிட்டார் வாசிப்பவன், டிரம்ஸ் அடிக்கும் ஒரு பெண். நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாமா என்று பேசிக்கொண்டார்கள். டிரம்ஸ் பெண் மட்டும் அவள் தோளைப் பிடித்து, "உன் கிட்டார இவன் சேத்து வாசிச்சிடுவான். நீ வந்து நில்லு, அது போதும்" என்றாள். இவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேடைப் பக்கம் நடந்தாள். நான் சொன்ன ஒரு வார்த்தையால் இவளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் போன பிறகு மெல்லக் கேட்டாள்: "இன்னா சிஸ்டர், எல்லாத்துக்கும் துணி கிழிஞ்சிகீது? வூட்ல ஒண்ணும் இல்லாதவங்களா?"

அதுதான் ஸ்டைல் என்றேன். அவள் நம்பவில்லை.

இவர்கள் பாடுவதற்கு கிரஞ்ச் என்று பெயராம். நிகழ்ச்சி நடத்தியவர்களில் ஒரு பையன் சொன்னான். ராக் இசையில் ஒரு வகை, அழகாகப் பாட வேண்டும் என்பதே அதில் கிடையாது, மனசில் இருப்பதை அப்படியே கொட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதுவரை வந்த குழுக்கள் மெல்லிசாகத்தான் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். இவர்களின் முதல் சத்தம் வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். இரும்புக் கட்டிலை சிமென்ட் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தத்தை நூறு மடங்காக்கியது மாதிரி. ஊர் நாய்கள் எல்லாம் ஒரே ஓட்டமாகக் காட்டுப் பக்கம் போயின. வரப்பில் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்தது. மற்றவர்களின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு என் நெஞ்சை யாரோ கேட்பது போல இருந்தது.

முதல் பாட்டு சென்னையில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட வாடகை அறையைப் பற்றியது. தமிழ்ப் பாட்டுத்தான், அவர்களே எழுதியது. கூரை கொதிக்கிறது, உள்ளே நான் வேகிறேன் என்று ஏதோ வந்தது. அந்தப் பெண் பாடினாள். ஆனால் சரியாக வரவில்லை என்று எனக்கே தெரிந்தது. இரண்டு கைகளையும் ஜீன்ஸ் பைக்குள் விட்டுக்கொண்டு, முடி முகத்தை மறைக்க, தரையைப் பார்த்தே பாடினாள். மற்றவர்களின் சத்தத்தில் அவள் குரல் மூழ்கிப் போனது. முன்னால் நின்ற கறுப்புச் சட்டைப் பிள்ளைகள்கூட போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. போய்க் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

இரண்டாவது பாட்டில் கைகளைப் பையிலிருந்து எடுத்து மைக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். அது கொஞ்சம் பரவாயில்லை.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தபோது கிட்டார்கள் இரண்டும் அடங்கிவிட்டன. டிரம்ஸ் மட்டும் சுவர்க்கடிகாரம் மாதிரி மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் பேசினாளே, அதே குரலில், காற்றுக் குரலில் ஆரம்பித்தாள்.

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், மெதுவா பேசு."

அவ்வளவுதான் வரி. அதற்கு அடுத்து, வகுப்பில் மெதுவா பேசு. ஹாஸ்டலில் மெதுவா பேசு. பஸ்ஸில், ஆபீஸில், அப்பா தூங்குகிறார், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், மெதுவா பேசு. ஒவ்வொரு வரிக்கும் குரல் இன்னும் கீழே இறங்கியது. மைக்கை உதட்டில் ஒட்டவைத்துப் பாடினாள். வரப்பில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கேட்பதற்காகவே அமைதியானார்கள். ஜெனரேட்டர் ஓடும் சத்தம்கூட அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அவள் உதடு மட்டும் அசைந்தது. குரலே இல்லை.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டுப்போட்ட கையை, நான் சுற்றிய வெள்ளைத் துணியோடு, தலைக்கு மேலே தூக்கினாள். மூன்று பேரும் ஒன்றாக அடித்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

அதை எப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. கத்தினாள் என்று சொன்னால் குறைவு. வேலை நிமித்தம் நான் கேட்காத அலறல் இல்லை. விபத்தில் சிக்கியவர்கள், பிரசவத்தில் துடிப்பவர்கள், பிணவறை வாசலில் அழுபவர்கள். ஒரு குரலைக் கேட்டாலே அது உடம்பில் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இந்தக் குரல் பாதத்திலிருந்து வந்தது. அத்தனை ஒல்லியான உடம்பில் அது எங்கே இருந்தது, இத்தனை நாள் எப்படி அடங்கிக் கிடந்தது என்று நினைக்க நினைக்க என் கை மயிர் சிலிர்த்து நின்றது. கரகரப்பாக, கிழிந்து, நடுவில் உடைந்து, மறுபடி சேர்ந்து, அதே இரண்டு வார்த்தைகள். மெதுவா பேசு, மெதுவா பேசு. கேட்கிறவன் முகத்தில் அறைகிற மாதிரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. தொண்டை கிழிந்துவிடுமோ என்று நர்ஸாகப் பயந்தேன். நிறுத்திவிடாதே என்றும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்றிருந்த பிள்ளைகள் குதிக்கவில்லை, ஆடவில்லை. அப்படியே நின்றுவிட்டார்கள். புளி உலுக்கிவிட்டு அரிவாளோடு வந்திருந்த ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

கடைசி அலறலோடு எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம் எதிர்மலை அந்தக் குரலைத் திருப்பி அனுப்பியது. முதலில் கிட்டே இருந்த குன்றிலிருந்து, பிறகு அதற்கும் பின்னாலிருந்து. இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது. மலைக்காரர்களுக்கு எதிரொலி புதிதில்லை. அந்தப் பெண்ணுக்கு அது புதிது. அதுவரை மூடியிருந்த கண்ணைத் திறந்து, யார் கூப்பிட்டது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். தன் குரல்தான் என்று புரிந்ததும், மேடையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டிரம்ஸ் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். கன்னம் ஈரமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

என் பக்கத்தில் இருந்தவள் கை தட்டவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாளோ என்று தோளைத் தொட்டேன்.

"அந்தப் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"இப்டிக் கத்துனதுக்கு."

"எல்லாரும் கை தட்டறாங்க பாரு" என்றேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கறுப்புச் சட்டைப் பிள்ளைகளை, வரப்பில் இருந்த தன் ஊர்க்காரர்களை, கை தட்டிக்கொண்டிருந்த தன் கணவனை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது அந்தக் குழு வேனில் கிளம்பியது. கீழே போனதும் விரலுக்குத் தையல் போடச் சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வழக்கம்போல எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் முற்பகலில் எங்கள் சுகாதார நிலைய வாசலில் ஒரு சின்ன லாரி வேகமாக வந்து நின்றது. பின்னால் புளி மூட்டைகளின் மேல் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சேலையெல்லாம் ரத்தம். வயிற்றைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. குழந்தை பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிய ஆரம்பித்திருந்தது. இதில் தாமதம் என்றால் தாய், பிள்ளை இரண்டு பேருமே தப்புவது கஷ்டம். குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றி, நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

மலையிறங்கும் அந்த வளைவுகள் முழுக்க அவள் அலறினாள். முள் குத்திச் சீழ் பிடித்தபோதும் ஒண்ணுமில்லை என்று சொன்னவள், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் உதற, வாய் திறந்து அலறினாள். நான் தடுக்கவில்லை. அலறு, அலறு என்றுதான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் குரல் நின்றுவிடுமோ என்றுதான் எனக்குப் பயம். நிற்கவில்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. பிறந்தவுடன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழுதது. தாயும் பிழைத்தாள். இன்னும் சற்று தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர்.

சில நாள் கழித்து அவளைப் பார்க்கப் போனபோதுதான் நடந்தது முழுக்கத் தெரிந்தது. கணவன் மலைக்குக் கீழே சந்தவாசலுக்கு வேலையாகப் போயிருக்கிறான். இவள் வீட்டுக்கு மேலே இருக்கும் புளிய மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். திடீரென்று வலி, கூடவே ரத்தம். எழுந்து நிற்க முடியவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள் கிடையாது. பள்ளத்தைத் தாண்டி எதிர்ச் சரிவில்தான் சிலர் மரத்தில் ஏறிப் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இவள் குரல் கேட்டிருக்கிறது. யாரையோ கரடி அடித்துவிட்டது என்று நினைத்து இறங்கி ஓடிவந்திருக்கிறார்கள். வந்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, அந்த லாரியை நிறுத்தினார்கள்.

"அவ்வளவு தூரம் கேக்குற மாதிரி கத்துனியா நீ?" என்றேன். எனக்கு நம்ப முடியவில்லை.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வெட்கப்பட்டாள்.

"மொதல்ல பல்லக் கடிச்சிக்கினுதான் இருந்தேன் சிஸ்டர். அப்பறம் அந்தக் கட்டு கட்டுன கைதான் கண்ணு முன்னால வந்திச்சி. கத்துனா ஒண்ணும் ஆவாதுன்னு அன்னிக்கே பாத்துட்டேனே. வாயத் தொறந்தேன். எனக்கே பயமாப் போச்சி, இது என் சத்தந்தானான்னு."

நான் எத்தனையோ மாதம் எத்தனையோ விதமாகச் சொல்லியும் அவள் காதில் ஏறாத ஒன்று, ஒரு சாயங்காலப் பாட்டில் ஏறியிருக்கிறது. குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாட்டைப் பிறகு என் போனில் தேடிப்பிடித்துக் கேட்டேன். சுத்தமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கேட்டது அது இல்லை. ஒளிந்துகொள்ளக் கிட்டார் இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மலைக்கு முன்னால் தனியாக நின்ற ஒருத்தியின் குரல் போனுக்குள் அடங்காது போலிருக்கிறது. அந்தக் குழுவுக்கு நடந்ததைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வந்தது. எழுத்து எதுவும் இல்லை, ஒரு குரல் பதிவு மட்டும். காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள் என்பது மட்டும் புரிந்தது.

எனக்கு கிரஞ்ச் பற்றி இன்றும் ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் மலையில் எந்தப் பக்கத்திலிருந்தாவது ஒரு பெண்ணின் குரல் ஓங்கிக் கேட்டால், அதைச் சத்தம் என்று நினைக்க இப்போதெல்லாம் என்னால் முடிவதில்லை, ஒருத்தி உயிரோடு இருப்பதை ஊருக்குச் சொல்கிறாள் என்றே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.